எவரும் அழைக்காத பெயர்: பென் வாலஸும் தடுப்பாட்டத்தின் மதிப்பும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் உச்ச அமைப்பான என்.பி.ஏ., ஆண்டுதோறும் 'டிராஃப்ட்' எனப்படும் வீரர் தேர்வை நடத்துகிறது. கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து, இரண்டு சுற்றுகளாக, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் இத்தேர்வு ஐ.பி.எல். ஏலத்தைப் போன்றதன்று, இங்கே விலை கூறப்படுவதில்லை, முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை தரும் வரிசையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் சுற்றில் பெயர் வந்தவருக்கு ஊதிய உறுதியுள்ள பல்லாண்டு ஒப்பந்தம் கிடைக்கிறது. இரண்டாம் சுற்றில் வந்தவருக்கு அந்த உறுதி இல்லாவிட்டாலும் ஓர் அணியின் கவனமாவது கிடைத்துவிடுகிறது. இரண்டிலும் பெயர் வராதவரோ எந்த அணியோடும் பேசிக்கொள்ளலாம் என்ற உரிமையை மட்டுமே பெறுகிறார். அவரோடு பேச வேண்டிய கட்டாயம் எந்த அணிக்கும் இல்லை.

1996ஆம் ஆண்டு ஜூனில் நியூ ஜெர்சியில் நடந்த தேர்வு, இன்றளவும் மிகச் செழிப்பான தேர்வுகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆலன் ஐவர்சன் முதலிடத்திலும், ரே ஆலன் 5ஆம் இடத்திலும், கோபி பிரையன்ட் 13ஆம் இடத்திலும், ஸ்டீவ் நாஷ் 15ஆம் இடத்திலும் எடுக்கப்பட்டனர். நால்வரும் பிற்காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றனர். அன்று வாசிக்கப்பட்ட 58 பெயர்களுள் பென் வாலஸ் என்ற பெயர் இல்லை. ஆயினும் 2021இல் அவரும் அதே புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். டிராஃப்டில் தேர்வாகாமல் என்.பி.ஏ.வுக்குள் வந்து, அங்கு ஆடிய ஆட்டத்தின் பலத்தாலேயே நவீன காலத்தில் அந்த இடத்தை எட்டிய முதல் வீரர் என்று அவரையே குறிப்பிடுகிறார்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 5.7 புள்ளிகள் மட்டுமே எடுத்த ஒருவர் அங்கே நிற்கிறார் என்றால், கூடைப்பந்தில் எதை எண்ணுகிறோம், எதை எண்ணாமல் விடுகிறோம் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

அக்கேள்வியை விளங்கிக்கொள்ள ஆட்டக் கணக்கின் வரலாற்றை ஒருமுறை பார்ப்பது நல்லது. எடுத்த புள்ளிகள், எறிந்த பந்துகள், கூடையில் விழாமல் திரும்பிய பந்தைக் கைப்பற்றும் 'ரீபவுண்ட்' ஆகியவை நெடுங்காலமாகவே பதிவாகி வந்துள்ளன. எதிராளி எறியும் பந்தை வழியிலேயே தட்டிவிடும் 'பிளாக்', அவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கும் 'ஸ்டீல்' ஆகிய இரண்டையும் என்.பி.ஏ. 1973-74 பருவம் முதல்தான் அதிகாரபூர்வமாகக் குறிக்கத் தொடங்கியது. அவையும் தடுப்பாட்டத்தின் ஒரு சிறு பகுதியைத்தான் காட்டுகின்றன. கூடையை நோக்கிப் பாய வந்த வீரர், அங்கே நிற்பவரைக் கண்டு தயங்கிப் பந்தை வெளியே திருப்பிவிட்டால், அந்தத் தயக்கத்துக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. நிகழ்ந்ததை எண்ணுவது எளிது. நிகழாமல் தடுக்கப்பட்டதை எண்ணுவது கடினம். கல்லூரி வீரர்களைத் தேடி அலையும் தேர்வாளர்களின் கண்ணும் இயல்பாகவே எளிதில் எண்ணக்கூடியதன் பக்கம் சாய்கிறது. வாலஸின் வாழ்க்கை இந்தச் சாய்வுக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று.

அவர் 1974 செப்டம்பர் 10 அன்று அலபாமா மாநிலத்தின் லவுண்டெஸ் கவுண்டியில் உள்ள ஒயிட் ஹால் என்ற சிற்றூரில் பிறந்தார். செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு 1965இல் நடந்த வாக்குரிமைப் பேரணி இந்தக் கவுண்டியின் நெடுஞ்சாலை வழியாகவே சென்றது. மக்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவராக இருந்தும், அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லாத இடம் அது. வாக்காளராகப் பதிந்துகொண்ட குற்றத்துக்காக நிலவுடைமையாளர்களால் வெளியேற்றப்பட்ட குத்தகை உழவர் குடும்பங்கள் கூடாரம் அடித்துத் தங்கிய நிலமும் அங்கேதான் உள்ளது. அப்போராட்டம் நடந்து பத்தாண்டுகூட ஆகாத காலத்தில், அதே மண்ணில், 11 பிள்ளைகளுள் பத்தாவதாகப் பிறந்தவர் வாலஸ். வறுமையே வீரனை உருவாக்கியது என்ற எளிய முடிவுக்கு இதைக்கொண்டு வருவது தவறு. அந்த ஊரில் வறுமையில் வளர்ந்த எத்தனையோ பேருக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை என்பதே உண்மை.

ஆனால், அந்தக் குடும்பத்தின் அளவு அவருடைய ஆட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதில் ஐயமில்லை. அண்ணன்மாரோடு ஆடுகையில் கடைக்குட்டிகளுள் ஒருவனுக்குப் பந்தை யாரும் தரமாட்டார்கள். ஆகவே பந்து வேண்டுமானால் தவறிய எறிதலைப் பாய்ந்து பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் கையிலிருந்து பறிக்க வேண்டும், அதுவும் இயலாவிட்டால் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடும் பந்தைத் துரத்த வேண்டும். இப்படித்தான் தாம் ஆடக் கற்றதாக வாலஸ் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். தொழில்முறை ஆட்டத்தில் அவர் புகழ்பெற்ற செயல்கள் யாவும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. சிறுவயதில் பிழைப்புக்காகப் பழகியதைப் பயிற்சியாளர்கள் பின்னர் மாற்றப் பார்த்தபோதெல்லாம் அவர் தோற்றார். அதையே செய்ய விட்டபோதெல்லாம் வென்றார்.

1991இல், நியூயார்க் நிக்ஸ் அணியின் முரட்டு ஆட்டக்காரராக அறியப்பட்ட சார்லஸ் ஓக்லி, அலபாமாவின் யார்க் என்ற ஊரில் பயிற்சி முகாம் ஒன்றை நடத்தினார். அதற்கான 50 டாலர் கட்டணத்தைச் சேர்ப்பதற்காக, வாலஸ் ஊராருக்குத் தலைக்கு 3 டாலர் வீதம் முடி வெட்டினார். முகாமில் ஓக்லி அவரைத் தனியே அழைத்துத் தம்மோடு ஒற்றைக்கு ஒற்றை ஆடச் செய்தார். உதட்டில் அடிபட்டும் பின்வாங்காமல் ஆடிய அந்தப் பையனை ஓக்லி மறக்கவில்லை. பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து ஆகிய மூன்றிலும் மாநில அளவில் பெயரெடுத்திருந்த வாலஸ், ஓக்லியின் சொந்த ஊரான கிளீவ்லாந்தில் உள்ள கயஹோகா சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு பயின்றபின், ஓக்லி படித்த வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்துக்கே சென்று சேர்ந்தார். ஒரு வீரரின் மதிப்பை முதலில் உணர்ந்தவர் தேர்வாளர் அல்லர், தடுப்பாட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட மற்றொரு வீரர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

வர்ஜீனியா யூனியன், கறுப்பின மாணவர்களுக்காகத் தோன்றிய கல்லூரிகளுள் ஒன்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடுவது. முதல் நிலைப் பிரிவின் ஆட்டங்கள் நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும். இரண்டாம் நிலை ஆட்டங்களை உள்ளூரார் மட்டுமே பார்ப்பர். வாலஸ் அங்கே ஆட்டத்துக்குச் சராசரியாக 10 ரீபவுண்டுகள் எடுத்து, அணியை அப்பிரிவின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றாக உயர்த்தி, அகில அமெரிக்க அணியிலும் இடம்பெற்றார். அதற்குப் பிறகும் அவர் பெயரை யாரும் வாசிக்கவில்லை. இதில் தேர்வாளர்களை அறிவிலிகள் எனத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. கூடைக்கு அருகே நின்று காப்பவர் ஏழடி உயரத்தை ஒட்டியிருக்க வேண்டும் என்பது அக்கால நம்பிக்கை. ஆவணங்களில் 6 அடி 9 அங்குலம் என்று எழுதப்பட்ட வாலஸின் உண்மை உயரம் 6 அடி 7 அங்குலத்தை ஒட்டியதே. அவருக்குத் தொலைவிலிருந்து எறியத் தெரியாது. பந்தைத் தட்டிக்கொண்டு போகும் திறனும் குறைவு. உயரத்தைப் பார்த்தால் ஓர வீரர், திறனைப் பார்த்தால் நடு வீரர் என்ற நிலையில், அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். தேர்வுக்குப் பின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரை முயன்று பார்த்தபோதும், உயரத்துக்கேற்ற ஓர வீரராகவே ஆட வைத்தது. அவர் செய்து காட்டியதைவிட அவருடைய அளவையே நம்பியதால் நேர்ந்த பிழை அது.

இத்தாலியின் ரெஜ்ஜோ கலாப்ரியாவில் சிறிது காலத்தைக் கழித்துவிட்டு, 1996 அக்டோபரில் வாஷிங்டன் புல்லட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வாலஸ், முதல் பருவத்தில் 34 ஆட்டங்களில் மட்டுமே களம் கண்டார். மூன்று பருவங்களுக்குப் பின் ஆர்லாண்டோ மேஜிக் அணிக்கு மாற்றப்பட்டார். 1999-2000 பருவத்தின் அந்த ஆர்லாண்டோ அணியைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும். டாரெல் ஆம்ஸ்ட்ராங், போ அவுட்லா, ஜான் அமேச்சி, சக்கி அட்கின்ஸ், வாலஸ் என டிராஃப்டில் தேர்வாகாத ஐவர் அதில் முதன்மைப் பங்கு வகித்தனர். எவரும் பொருட்படுத்தாத அவ்வணி 41 வெற்றி, 41 தோல்வி என்று பருவத்தை முடித்ததற்காக, புதிய பயிற்சியாளர் டாக் ரிவர்ஸுக்கு அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதே கிடைத்தது. கிடைத்தற்கரிய நட்சத்திரங்களை வாங்குவதற்காக, அடுத்த கோடையிலேயே அந்த அணி கலைக்கப்பட்டது.

அப்படி வாங்கப்பட்ட நட்சத்திரங்களுள் ஒருவர் கிராண்ட் ஹில். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியில் ஆட்டத்துக்கு 25.8 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்த அவர் ஆர்லாண்டோவுக்குச் செல்ல முடிவெடுத்துவிட்டதால், வெறுங்கையோடு அவரை இழப்பதைவிட ஏதேனும் பெறலாமே என்று டெட்ராய்ட் அணியின் தலைவர் ஜோ டுமார்ஸ் பேரம் பேசி, 2000 ஆகஸ்டில் வாலஸையும் அட்கின்ஸையும் பெற்றுக்கொண்டார். ஒரு நகரம் தன் பெருமிதத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு துணை ஆட்டக்காரர்களை வாங்கியது என்றே அப்போது கருதப்பட்டது. ஹில்லாலோ கணுக்கால் காயத்தால் அடுத்த நான்கு பருவங்களில் 47 ஆட்டங்களே ஆட முடிந்தது. அது ஒரு நல்ல வீரருக்கு நேர்ந்த பெருந்துயரம், அதைக் கொண்டு டுமார்ஸைத் தீர்க்கதரிசியாக்க வேண்டியதில்லை. டுமார்ஸின் உண்மையான சாதனை, கையில் கிடைத்த தடுப்பாட்டக்காரரை நடுவில் வைத்து அவரைச் சுற்றியே ஓர் அணியைக் கட்டியதுதான்.

வாலஸ் என்ன செய்தார் என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். எதிரணி வீரர் ஒருவர், பந்தைத் தட்டிக்கொண்டு, தம்மைக் காத்து நிற்பவரைத் தாண்டிக் கூடையை நோக்கிப் பாய்கிறார் என்று கொள்வோம். அந்நேரம் வாலஸ் தாம் காக்க வேண்டிய ஆளுக்கும் பாய்ந்து வருபவருக்கும் இடைப்பட்ட இடத்தில், முழங்கால் மடங்கி, இரு கைகளும் விரிந்த நிலையில் நிற்பார். அவர் உடனே பாய்வதில்லை. வருபவரின் கடைசி இரண்டு அடிகளை எண்ணிக்கொண்டிருந்து, பந்து கையை விட்டு எழும் கணத்தில் செங்குத்தாக எழுவார். தட்டிவிட்டுக் கீழே இறங்கிய கால் தரையைத் தொட்ட மாத்திரத்தில் மறுபடி எழுந்து அதே பந்தைப் பிடித்துவிடுவார். ஏழடி வீரர்கள் ஒருமுறை எழுந்து இறங்கி மறுமுறை எழ எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் அவருடைய இரண்டாவது தாவல் முடிந்திருக்கும்; உயரக்குறைவு இங்கே அனுகூலமாகவே மாறியது. ரீபவுண்டிலும் இதே கதைதான்: பந்து வளையத்தில் படுவதற்கு முன்பே எதிராளியைத் தம் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, இடுப்பைத் தாழ்த்தி, அவருடைய எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதுகாலேயே உணர்ந்து, இடத்தை முதலில் பிடித்துக்கொள்வார். 2000-01 முதல் தொடர்ந்து ஏழு பருவங்களில், பருவத்துக்கு 150க்கு மேற்பட்ட பிளாக்குகளும் 100க்கு மேற்பட்ட ஸ்டீல்களும் அவர் கணக்கில் உள்ளன. கூடையருகே காக்கும் பருத்த உடலும், வெளிவட்டத்தில் பந்தைப் பறிக்கும் விரைந்த கையும் ஒருவரிடமே அமைவது அரிது.

விதிகளும் அவருக்குத் துணைநின்றன. 2001 வரை, ஒவ்வொரு தடுப்பாட்டக்காரரும் தமக்குரிய ஆளின் அருகிலேயே இருக்க வேண்டும், ஆளை விட்டு இடத்தைக் காக்கக்கூடாது என்ற பொருளுடைய விதி இருந்தது. 2001-02 பருவத்தில் அது நீக்கப்பட்டு இடக்காப்பு அனுமதிக்கப்பட்டது. ஆனால் யாரையும் நெருங்கிக் காக்காமல் கூடைமுன் கட்டத்துக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற புதுக் கட்டுப்பாடும் சேர்ந்தே வந்தது. மெதுவாக நகரும் பருத்த காவலர்களுக்கு இந்த மூன்று நொடி பெரும் தொல்லையாயிற்று. உள்ளே ஓரடி, வெளியே ஓரடி என்று ஓயாமல் நகரக்கூடிய வாலஸுக்கோ அது தடையாகவே இல்லை. அந்தப் பருவத்திலேயே அவர் ரீபவுண்டிலும் பிளாக்கிலும் ஒருசேர முதலிடம் பெற்றார். அவருக்கு முன் அதைச் செய்தவர்கள் கரீம் அப்துல்-ஜப்பார், பில் வால்டன், ஹக்கீம் ஒலாஜுவான் ஆகிய மூவர் மட்டுமே. ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் அவ்வாண்டு பெற்ற அவர், 2003, 2005, 2006 ஆகிய ஆண்டுகளிலும் அதையே வென்று, நான்கு முறை வென்ற டிகெம்பே முடோம்போவுக்கு இணையானார். பின்னர் ரூடி கோபேரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார். 2000-01 பருவத்தில் 32 ஆட்டங்களை மட்டுமே வென்றிருந்த டெட்ராய்ட், 2001-02இல் ரிக் கார்லைலின் பயிற்சியில் 50 ஆட்டங்களை வென்றது.

2003-04 பருவத்தில் லாரி பிரவுன் பயிற்சியாளரானார். நடுப்பருவத்தில் ரஷீத் வாலஸ் வந்து சேர்ந்தார். பென்னுக்கு அவர் உறவினர் அல்லர். பெயர் ஒற்றுமை மட்டுமே. சான்சி பில்லப்ஸ், ரிச்சர்ட் ஹாமில்டன், டெய்ஷான் பிரின்ஸ், இரு வாலஸ்கள் என அமைந்த அந்த ஐவருள் பிரின்ஸ் நீங்கலாக மற்ற நால்வரும் வேறு அணிகள் கைவிட்டவர்கள் அல்லது கைமாற்றியவர்கள். தொடர்ச்சியாக ஐந்து ஆட்டங்களில் எதிரணியை 70 புள்ளிக்குள் அடக்கி அவர்கள் என்.பி.ஏ. சாதனை படைத்தார்கள். ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேய்டன் என்ற நான்கு பெரும் பெயர்களோடு இறுதித் தொடருக்கு வந்த லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியே வெல்லும் என்று ஏறத்தாழ எல்லோரும் நம்பினார்கள்.

அத்தொடரில் டெட்ராய்ட் கையாண்ட உத்தி வாலஸ் இல்லாமல் சாத்தியமாகியிருக்காது. 7 அடி 1 அங்குல உயரமும் அதற்கேற்ற எடையும் கொண்ட ஓ'நீலிடம் பந்து சென்றால், மற்ற அணிகள் உடனே இருவர் மூவராக அவரைச் சூழ்ந்துகொள்ளும். அப்போது காவலின்றி நிற்கும் மற்ற லேக்கர்ஸ் வீரர்களுக்குப் பந்து போய், அவர்கள் எளிதாகப் புள்ளி எடுப்பார்கள். டெட்ராய்ட் பெரும்பாலும் ஒருவரையே ஓ'நீலுக்கு எதிரே நிறுத்தியது. அவர் சராசரியாக 26.6 புள்ளிகள் எடுத்தார். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். விளைவாக மற்றவர்கள் வறண்டுபோனார்கள். பிரின்ஸின் நீண்ட கைகளுக்கு முன் பிரையன்ட் எறிந்தவற்றுள் பத்துக்கு நான்குகூடக் கூடையில் விழவில்லை. மூன்றாம் ஆட்டத்தில் லேக்கர்ஸ் மொத்தமே 68 புள்ளிகளில் நின்றது. தம்மைவிட அரையடி உயர்ந்த ஒருவரின் எடையை முதுகிலும் மார்பிலும் தாங்கிக்கொண்டு, அதே வேளையில் ரீபவுண்டுக்கும் பாய வேண்டிய வேலை பென் வாலஸுக்கு. 100-87 என்று கோப்பையை வென்ற ஐந்தாம் ஆட்டத்தில் அவர் 18 புள்ளிகளும் 22 ரீபவுண்டுகளும் எடுத்தார். தொடரின் சிறந்த வீரர் விருது பில்லப்ஸுக்குப் போனது. அது தகுதியானவருக்கே போனது என்றாலும், அந்த வெற்றியின் அடித்தளம் எங்கே இருந்தது என்பதை டெட்ராய்ட் ரசிகர்கள் அறிந்திருந்தார்கள். பென் வாலஸ் பந்தைத் தட்டிவிடும்போதெல்லாம் அரங்கில் ஒலித்த மணியோசையும், அவருடைய சுருள்முடியைப் போன்ற பொய்முடி அணிந்து வந்த கூட்டமும் அதற்குச் சாட்சி.

அவருடைய குறைகளை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தவறிழைக்கப்பட்ட வீரர் யாருடைய தடுப்பும் இன்றி எறியும் 'ஃப்ரீ த்ரோ'வில் அவருடைய வெற்றி வீதம் 41.4 விழுக்காடு, ஆயிரம் முறைக்கு மேல் எறிந்தவர்களுள் என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த வீதம் அது. நெருக்கடியான இறுதி நிமிடங்களில் எதிரணிகள் வேண்டுமென்றே அவர்மீது தவறிழைத்து அவரைக் கோட்டில் நிறுத்தின. 2004 நவம்பர் 19 அன்று இந்தியானா அணியுடனான ஆட்டம் முடியும் தறுவாயில், ரான் ஆர்ட்டெஸ்ட் தம்மீது இழைத்த தவறுக்குச் சினந்து அவரை வாலஸ் தள்ளியதில் தொடங்கிய கைகலப்பு, பார்வையாளர் ஒருவர் பானக் கோப்பையை வீசியதும் அரங்கெங்கும் பரவி, அமெரிக்க விளையாட்டு வரலாற்றின் அவலமான இரவுகளுள் ஒன்றாயிற்று. வாலஸுக்கு ஆறு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. 2002 முதல் 2006 வரையிலான ஐந்தாண்டுகளில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாலஸைத் தவிர வேறொருவருக்குச் சென்றது ஒரே ஒருமுறை, 2004இல். அதைப் பெற்றவர் ஆர்ட்டெஸ்ட்.

2006இல் சிகாகோ புல்ஸ் அணி நான்காண்டுக்கு 60 மில்லியன் டாலர் அளித்து அவரை அழைத்துச் சென்றது. அங்கே அவர் பழைய வாலஸாக இல்லை. வயது 32ஐ எட்டியிருந்தது ஒரு காரணம்; டெட்ராய்டில் தம்மைச் சுற்றி நகர்ந்த நால்வர் அங்கே இல்லாதது அதைவிடப் பெரிய காரணம் எனலாம். தனியொருவரின் திறனாகத் தோன்றும் தடுப்பாட்டம் உண்மையில் ஐவரின் உடன்பாட்டில் இயங்குவது என்பதை, அவ்வளவு பெரிய தொகை கொடுத்துத்தான் சிகாகோ கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கிளீவ்லாந்து வழியாக மீண்டும் டெட்ராய்டுக்குத் திரும்பிய அவர், 1,088 ஆட்டங்களோடு 2012இல் ஓய்வு பெற்றார். அவருடைய 3ஆம் எண் சட்டையை டெட்ராய்ட் 2016 ஜனவரியில் வேறு யாருக்கும் தரப்படாத எண்ணாக அறிவித்தது.

அவருக்கு முன்னும் இத்தகையோர் இருந்தனர். 1993இல் தேர்வாகாமல் பிரான்சிலும் உள்நாட்டுச் சிறு தொடர்களிலும் அலைந்த புரூஸ் போவன், சான் அன்டோனியோ அணியோடு மூன்று கோப்பைகளை வென்றார். வாலஸின் காலத்துக்குப் பிறகு மாறியிருப்பது, இத்தகையோர் உள்ளே நுழையும் வழி. 2017இல் அறிமுகமான இருவழி ஒப்பந்தம், தேர்வாகாத வீரரை என்.பி.ஏ. அணியும் அதன் துணை அணியும் பகிர்ந்துகொள்ள வழி செய்கிறது. மாண்ட்ரியலில் ஹைத்தியப் பெற்றோருக்குப் பிறந்த லூ டார்ட், 2019இல் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டும் தம் பெயர் வராமல், ஓக்லஹோமா சிட்டி அணியோடு அத்தகைய ஒப்பந்தத்தில்தான் சேர்ந்தார். மறு ஆண்டே பிளே-ஆஃப் சுற்றில் எதிரணி நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டனை ஆட்டத்துக்கு ஆட்டம் திணறடித்து, நிரந்தர இடம் பெற்றவராக நாடறியத் தெரிந்தார். 2025இல் அந்த அணி கோப்பையை வென்றபோது, அதே ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களைக் கொண்ட என்.பி.ஏ. முதல் அணிக்கும் தேர்வாகியிருந்த டார்ட்டுக்குப் பக்கத்தில், 2016இல் தேர்வாகாத மற்றொரு தடுப்பாட்டக்காரரான அலெக்ஸ் கரூசோவும் இருந்தார். ஓர் அணி வாலஸைப் போன்ற ஒருவரை நம்புவதே துணிச்சலாகக் கருதப்பட்ட காலம் போய், அத்தகைய இருவரை ஒருசேரக் களமிறக்கிக் கோப்பை வெல்லும் காலம் வந்திருக்கிறது.